சிரிப்பில் தொடங்கும் அடி

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் குழித்துறை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். தன் பாலினத்தாரையே விரும்புகிறவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லாரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்கிறோம். அவர்கள் மீது நடக்கும் வன்முறையைப் பற்றிப் பிரபலங்கள் பேசுகிறார்களே, அதனால் நம்ம ஊரில் ஏதாவது நடக்கிறதா என்று பேசச் சொன்னார்கள். நடக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் நடப்பதில்லை.

2016 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், பால்புதுமையர் கூடும் இரவு விடுதி ஒன்றில் துப்பாக்கியோடு புகுந்த ஒருவன் 49 பேரைக் கொன்றான். அந்த மாதமே ஒரு வீடியோ வந்தது. லேடி காகா உட்பட 49 பிரபலங்கள், ஆளுக்கு ஒருவராக, இறந்தவர்களின் கதையைச் சொன்னார்கள். பேர் என்ன, வயசு என்ன, எதற்கு ஆசைப்பட்டார், அவ்வளவுதான். புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு தாய், மகனோடு ஆட வந்தவர், அங்கே செத்துப்போனார், மகன் பிழைத்தான். அதைக் கேட்டபின் 'இந்த மாதிரி ஆட்கள்' என்று மொத்தமாகப் பேச நாக்கு வராது. நல்ல காரியம்தான். இருந்தாலும் எல்லாம் செத்த பிறகு சொன்னது.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2013இல், பால்புதுமையரின் உரிமைக்காக ஐக்கிய நாடுகள் சபை ஓர் இயக்கம் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அதைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை. டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்மணி. பக்கத்தில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ. தன்பாலீர்ப்பாளரை வெறுக்கும் கடவுளை வணங்க மாட்டேன், அப்படிப்பட்ட சொர்க்கம் என்றால் மன்னிக்கணும், மற்ற இடத்துக்கே போய்க்கொள்கிறேன் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊர் ஆராதனையில் இருக்கும் மாவட்டம் நம்முடையது. இந்தப் பேச்சை இங்கே எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அந்த இயக்கத்துக்காக இந்தி நடிகை செலினா ஜேட்லி தோன்றிய பாட்டு வீடியோவும் 2014இல் வந்தது. விளவங்கோடு பக்கத்துச் சாயாக்கடையில் அதைப் பார்த்தவர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இங்கே வந்து சேர்ந்தது மம்மூட்டி. நம்ம மேற்குப் பக்கம் மலையாளப் படம் ஓடாத வீடு உண்டா? 2023இல் அவரே தயாரித்து நடித்த ஒரு படம், ஜோதிகா மனைவியாக. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிறவர், குடும்பஸ்தர், சர்ச்சுக்குப் போகிறவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி மனைவி விவாகரத்து கேட்கிறாள். எழுபதைத் தாண்டிய சூப்பர் ஸ்டாருக்கு இந்த வேடம் தேவையே இல்லை. ரசிகர் முகம் சுளித்தால் நஷ்டம் அவருக்குத்தான். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்ததே அதனால்தான்.

அந்தப் படம் டிவியில் வந்த பிறகு ஓர் அம்மா என் ஆபீசுக்கு வந்தார். ரப்பர் வெட்டுகிறவர், சேலையில் ரப்பர் பாலின் வாடை போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு கேட்டார்: "வக்கீலம்மா, மம்மூட்டிக்க படம் ஒண்ணு கண்டேன். அந்த ஆளுக்க காரியம்தானா எனக்க மவனுக்கும்?"

ஆமா அம்மா என்றேன்.

"அப்பம் இது தீனம் இல்லியா? நான் இவன எத்தற எடத்துக்குக் கொண்டுபோனேன் தெரியுமா?"

ஜெப வீடு, மந்திரவாதி, மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரி என்று அடுக்கினார். ஒரு இடத்தில் பையனைக் கட்டிவைத்துப் பிரம்பால் அடித்திருக்கிறார்கள், பிசாசு போக. அடித்தவர்களுக்குக் காணிக்கையும் கொடுத்திருக்கிறார் இவர். ஆர்லாண்டோ மாதிரித் துப்பாக்கி இங்கே கிடையாது. இங்கே அடி வீட்டுக்குள், பாசத்தோடு விழுகிறது. அதனால் கேஸும் ஆவதில்லை.

சட்டம் நம்மைவிட முன்னால் போய்விட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் போட்ட உத்தரவில், ஆளை மாற்றுகிறேன் என்று செய்யும் 'சிகிச்சை'க்குத் தடை வந்தது. அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. இப்படிப்பட்டவர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று தமிழ்நாட்டுப் போலீசாரின் நடத்தை விதியிலும் சேர்த்தார்கள். அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். காதில் ஏறியதோ என்னவோ, மம்மூட்டி ஏறியிருந்தார்.

இனி நம்ம தமிழ் சினிமா. வருஷக்கணக்காகத் திருநங்கை என்றால் காமெடி டிராக். ஒரு கைதட்டு, ஒரு குழைவு, ஹீரோ அலறி ஓட தியேட்டரே சிரிக்கும். 2019இல் விஜய் சேதுபதி திருநங்கையாக நடித்துத் தேசிய விருதும் வாங்கினார். திருநங்கையின் வேடத்தைத் திருநங்கைக்கே கொடுக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த மனுஷியைப் பார்த்து யாரும் சிரிக்கும்படி அவர் நடிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு எதில் போய் முடியும் என்பதற்கு என்னிடம் வந்த ஒரு புகாரைச் சொல்கிறேன். சாயங்காலம், பேருந்து நிலையத்தில் ஒரு திருநங்கை தக்கலை வண்டிக்கு நிற்கிறார். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், ஒரு சினிமாப் பாட்டின் வரி, அதே கைதட்டு. நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் ஒருவன் முடியைப் பிடித்து இழுத்தான், இன்னொருவன் கைப்பையைப் பிடுங்கி எறிந்தான். ஸ்டேஷனில் கேட்டது, "தமாசுக்குத்தானே செய்தார்கள்?" திருநர்களை உடலாலோ மனத்தாலோ கொடுமைப்படுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை என்று 2019இல் வந்த சட்டத்தின் 18ஆம் பிரிவு சொன்னது. தமாசுக்கு அதில் விலக்கு இல்லை.

ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணரும் சிரிக்க வைத்தவர்தான். ஒதுக்கப்பட்ட ஒரு பையன் படித்து முன்னேறுகிற கதையை அவர் காலட்சேபமாகச் சொன்னபோது, ஜனங்கள் சிரித்தது அவனை ஒதுக்கியவர்களைப் பார்த்து. அந்த ஊர்க்காரர்கள் நாம்.

மம்மூட்டி நம்ம ஊர் மேடைக்கு வரப்போவதில்லை. அம்மன் கொடைக்கும் பள்ளித் திருநாளுக்கும் டிவி புகழ் மிமிக்ரி குழுக்கள் வருகின்றன. நம்ம பிள்ளைகள் செல்பி எடுக்கும் பிரபலங்கள் அவர்கள்தான். ஆம்பிளைக்குச் சேலை கட்டிவிட்டு இன்னொருவன் துரத்தி அடிக்கிற ஒரு ஐட்டம் அநேகமாக எல்லாக் குழுவிலும் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பது விழாக் கமிட்டி. கமிட்டி அண்ணாச்சிமாரே, பணத்தை எண்ணும்போதே சொல்லிவிடுங்கள், அந்த ஐட்டம் வேண்டாம் என்று. அவர்களிடம் வேறு சரக்கு இருக்கும். சட்ட உதவி வேண்டியவர்கள் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம். வணக்கம்.