அண்டி ஆபீஸில் அறியாமை இல்லை

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கருங்கல் வட்டாரத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கான நன்றியை விழாக் குழுவினர் என்னிடமிருந்து நாளை தொலைபேசியில் பெற்றுக்கொள்ளலாம். எனக்குத் தந்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.

வளரும் நாடுகளில் ஊட்டச்சத்துக் குறைவுக்குப் பெரிதும் காரணம் வறுமையா, அறியாமையா என்பது தலைப்பு. வறுமையே என்பது என் அணி. ஆனால் தலைப்புக்குள் நுழையும் முன் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. பழையது என்றால் பத்து நிமிடம் பழையது.

எனக்கு முன் பேசிய எதிரணிப் பேராசிரியை, "வறுமையைப் பேச வந்திருக்கும் அண்ணாச்சியின் வயிறு அவருக்கு அரை நிமிடம் முன்பே மேடை ஏறிவிட்டது, இந்த வயிற்றை வைத்துக்கொண்டு சத்துக்குறைவைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் சொந்த மைத்துனர் எழுந்து நின்று தட்டினார். அவரை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

பேராசிரியை அவர்களே, என் கட்சியின் முதல் சாட்சியைத் தாங்களே கூண்டில் ஏற்றித் தந்தீர்கள். சத்துக்குறைவு என்றால் ஒட்டிய வயிறும் எண்ணிவிடக்கூடிய விலா எலும்பும்தான் என்று கருதிய காலம் போய்விட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே கணக்கெடுப்பில் 40.4 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடையைத் தாண்டியிருந்தார்கள். இரத்தம் இல்லாமையும் எடை கூடுதலும் ஒரே தெருவில், ஒரே வீட்டில், பல நேரங்களில் ஒரே உடம்பில் சேர்ந்து குடியிருக்கின்றன. ஏன் என்று மளிகைக் கடையில் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு வயிறு நிறையச் செய்யும் பொருள்கள் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். மீனும் முட்டையும் பயறும் பழமும் அந்தப் பத்து ரூபாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை. இதோ நிற்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமா? புனேவுக்கு அருகே உள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1990களில் எடைபோட்டுப் பார்த்தார்கள். சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. நம்முடைய குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவறையிலேயே பற்றாக்குறையைப் பார்த்த உடம்பு, கிடைப்பதைக் கொழுப்பாகப் பதுக்கிவைக்கப் பழகிக்கொள்கிறது என்றும், பிற்காலத்துச் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அங்கேயே விதை விழுகிறது என்றும் மருத்துவர்கள் விளக்குகிறார்கள்.

என் தாய் கருவாகிப் பிறந்த ஆண்டு 1943. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோன காலம் அது. அப்போது இந்தக் கருங்கல்லும் திருவிதாங்கூர்தானே? என்னை உண்டாக்கிய சினைமுட்டை, என் தாய் என் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. பெண் சிசுவின் உடற்கூறு அப்படி. ஆகவே பேராசிரியை கேலி செய்த இந்த வயிற்றின் வரலாறு நேற்றுத் தின்ற புரோட்டாவில் தொடங்கவில்லை. என் பாட்டி தின்னாத சோற்றில் தொடங்குகிறது. (மைத்துனரே, இப்போது தட்டலாம்.)

பாட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. எதிரணியின் இரண்டாவது பேச்சாளரான தம்பி, "எங்கள் பாட்டி மரச்சீனிக்கிழங்கும் சாளைமீனும் தின்று தொண்ணூறு வயது வாழ்ந்தாள், இன்றைய பெண்களுக்கு அந்த அறிவு இல்லை" என்று உருகினார். தம்பி, அந்த மரவள்ளிக்கிழங்கு நம் மண்ணில் பரவியது எப்படி? 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி வாங்க வழியில்லாத ஏழைகளின் பசிக்கு ஆகட்டும் என்றுதான் அதைப் பயிரிட ஊக்குவித்தார். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் நம் முன்னோர் கிழங்கைத் தின்றது, அரிசியை விலைகொடுத்து வாங்க முடியாததால்தான். கிழங்கில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் புரதம். அதற்கு ஈடுகட்டச் சாளை வேண்டும் என்று உங்கள் பாட்டி அறிந்திருந்தாள். கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்பதையும், இலையைத் தின்ற ஆடு பிழைக்காது என்பதையும் அறிந்திருந்தாள். அப்படியானால் அறிவு இருந்தது என்றுதானே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்?

அந்த அறிவு எங்கே தோற்கிறது என்பதை 1981-இல் மொசாம்பிக் நாடு காட்டியது. அதன் வடக்கே உள்ள நம்புலா மாகாணத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கசப்பு மரவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவி, வெயிலில் பல நாள் உலர்த்தி, அதிலிருக்கும் சயனைடு நஞ்சைப் போக்கிச் சமைத்தவர்கள். அந்த ஆண்டு மழை பொய்த்தது. மற்றப் பயிர்கள் கருகின, நஞ்சு மிகுந்த கிழங்கு மட்டும் மிஞ்சியது. பல நாள் காத்திருக்க வேண்டும் என்று தாய்க்குத் தெரியும். பிள்ளையின் பசிக்குத் தெரியாது. சரியாக உலராத கிழங்கைத் தின்றார்கள். நஞ்சை முறிக்க உடம்புக்குப் புரதம் தேவை. பயறும் இல்லை, மீனும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் முடங்கின. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தாய்மாருக்குப் பாடம் எடுக்க இங்கிருந்து யார் போவது, பேராசிரியையா, தம்பியா?

அவ்வளவு தொலைவு எதற்கு? எங்கள் ஊருக்கே வாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அண்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர். வெளியூர் நடுவருக்காகச் சொல்கிறேன்: முந்திரிப்பருப்பு ஆலையை நாங்கள் ஆபீஸ் என்போம், அங்கே கோப்பு கிடையாது, கையெல்லாம் கறை உண்டு. அவர் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஊரில் ஊட்டச்சத்து விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. ஒரு வண்ணப்படத்தை விரித்து, பாடம் எடுக்க வந்த அம்மையார் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பால்? "கால்சியம்" என்றார் அக்கா. முருங்கைக்கீரை? "இரும்புச்சத்து." முட்டை, மீன்? "புரதம்." அம்மையாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படத்தின் கடைசி மூலையில் குச்சியை வைத்தார். அங்கே இருந்தது அண்டிப்பருப்பு.

"இதைத் தினமும் நாலைந்து சாப்பிட்டால் நல்லது, இதை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறாயா என்று! இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. காலை முதல் மாலை வரை அண்டிப்பருப்புக்குத் தோல் உரிக்கிறவளிடம், அண்டிப்பருப்பின் படத்தைக் காட்டி, பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

அக்கா எழுந்து, "தினமும் கிலோ கணக்கில் பார்க்கிறேன் அம்மா" என்றார். "பின்னே ஏன் சாப்பிடவில்லை?" என்றார் அம்மையார். அக்கா சொன்னார்: "எடை போட்டுத் தருவாவ, எடை போட்டு வாங்குவாவ. நாலு பருப்பு என் வயித்துக்குள்ள போனா, அந்த எடை என் கூலியிலதான் அம்மா குறையும்."

கூட்டம் சிரித்தது, இப்போது நீங்கள் சிரிப்பதைப் போலவே. அக்காவும் சிரித்தார். ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பதிலில் எந்த இடத்தில் அறியாமை இருக்கிறது என்று எதிரணியினர் குச்சியால் தொட்டுக் காட்டட்டும். படத்திலிருந்த அத்தனைக்கும் பெயர் தெரியும், பயன் தெரியும். ஒரு பொருளைக் கையால் தொடவும் முடியும். விலைதான் எட்டவில்லை. சத்தான உணவை விலைகொடுத்து வாங்க இயலாதவர்கள் 2022-இல் உலகில் 280 கோடிக்கும் அதிகம் என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-இல் அறிக்கை வெளியிட்டன. இத்தனை கோடிப் பேரும் அறிவிலிகளா?

ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறாளே தாய் என்கிறார்கள் எதிரணியினர். இருட்டோடு எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவளுக்கு, அழுகிற பிள்ளையின் வாயை அடைக்க அந்த நேரத்தில் வேறு எதை வாங்கித் தருவீர்கள்? நேரமும் ஒரு செல்வம்தான். அதுவும் அவளிடம் இல்லை. பேதிக்குக் காரணமான தண்ணீரைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

காமராசர் என்ன செய்தார்? இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். பெற்றோருக்குப் பாடம் எடுங்கள் என்று அவர் உத்தரவிடவில்லை. பிள்ளைக்குச் சோறு போடுங்கள் என்றார். அதனால்தான் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது என்பது என் சொந்தத் தீர்ப்பு. மறுப்பவர்கள் பிறகு பேசிக்கொள்ளலாம். எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்ததும், 2022 முதல் காலை உணவாக நீண்டதும் அதே வழிதான். நோய் அறியாமை என்றால் மருந்து சோறாக இருந்திருக்குமா?

அந்த அக்காவின் கதை நான் சிரிக்கவைத்த இடத்தில் முடியவில்லை. அவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றுவிடாமல் வாங்கி வந்தார், விழுங்கவில்லை. என் அம்மா ஒரு நாள் அவருடைய தகரப்பெட்டியில் மாத்திரைகள் அப்படியே கிடப்பதைப் பார்த்துத் திட்டினாள். அதற்கு அவர், "வெறும் வயித்துல போட்டா குமட்டுது மைனி. குமட்டினா மறுநாள் வேலைக்குப் போக முடியாது. போகலைன்னா மூத்தவனுக்குக் கஞ்சி இல்ல" என்றாராம். மாத்திரையைச் சோற்றுக்குப் பின் போட வேண்டும் என்பது தெரிந்த பெண்; அந்தச் சோற்றை மூத்தவனுக்கு வைத்துவிட்டவள். பெண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 900 கிராம். தாய் மாத்திரை உட்கொள்ளவில்லை என்று பதிவேட்டில் எழுதினார்கள். எதைச் சாப்பிட்ட பிறகு உட்கொள்வது என்று எழுத அதில் கட்டம் இல்லை.

அந்தக் குழந்தை பிழைத்தாள். இப்போது அவளுக்குத் திருமணமாகி, அவளும் மாத்திரை வாங்கப் போகிறாள். என் பாட்டி, என் தாய், நான் என்று சற்று முன் ஒரு கணக்குச் சொன்னேனே, அதே கணக்கு அந்த வீட்டில் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

நடுவர் அவர்களே, மணி அடிக்கிறார்கள். தாங்கள் எந்தத் தீர்ப்பையும் வழங்கலாம். அது தங்கள் உரிமை. எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காரணம் அறியாமையே என்று தீர்ப்பளிப்பதாக இருந்தால், அதை இந்த மேடையில் வாசிக்க வேண்டாம். நாளை மாலை வேலை விடும் நேரத்தில் அண்டி ஆபீஸ் வாசலுக்கு வந்து, வெளியே வரும் பெண்களின் முன்னால் நின்று வாசியுங்கள். தங்களுக்கு வழி காட்ட என் மைத்துனரை அனுப்பிவைக்கிறேன். வணக்கம்.