விழித்திரைப் படமும் தாதியின் கண்ணும்

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். மருத்துவத்தில் இயந்திரம் என்றதும் நம்மில் பலர் அறுவைச் சிகிச்சையையே நினைக்கிறோம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்திருந்த மருத்துவர் ழாக் மரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த ஒரு பெண்மணியின் பித்தப்பையை இயந்திரக் கைகளைக் கொண்டு அகற்றினார். பெரும் சாதனைதான், ஆனால் அந்தக் கைகள் மருத்துவரின் கையசைவைப் பின்பற்றினவே தவிர, தாமாக எதையும் முடிவு செய்யவில்லை. தானே பார்த்துத் தானே முடிவு சொல்லும் இயந்திரம், நம்மைப் போன்ற தோட்டப்புற ஊர்களுக்குக் கண் பரிசோதனை வழியாகத்தான் முதலில் வரும் என்று கருதுகிறேன்.

காரணம், இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு நோய். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே நிலைமை இதைவிட மோசம். நோய் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களை வலியே இல்லாமல் கெடுப்பதால், பார்வை மங்கி மருத்துவரிடம் வரும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

அந்தச் சேதத்தைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பற்றி 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் பயிற்றுவித்த படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அடங்கும். ஆய்வில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாகத் தேறியது. பின்னர் தாய்லாந்தின் 11 கிளினிக்குகளில் பயன்படுத்தியபோதோ, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான படங்களைத் தெளிவில்லை என்று அது ஏற்க மறுத்தது. பல இடங்களில் அறையைப் போதுமான அளவு இருட்டாக்க முடியவில்லை. படம் எடுத்த தாதி தம் கண்ணால் பார்த்து நோய்க்குறி இல்லை என்று கருதினாலும், நோயாளியை வேறொரு நாளில் தூரத்து நிபுணரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. நாட்கூலி இழந்து ஈப்போவுக்குப் போய்வருவது என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இயந்திரம் மறுக்கும்போது முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை, அதை வாங்குவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தைத் தாதியும் மருத்துவ உதவியாளரும் முதலில் பார்த்துத் தம் கணிப்பைப் பதிவு செய்யட்டும். இயந்திரத்தின் விடை அதன் பிறகு திரையில் வரட்டும். விடையை முதலிலேயே கண்டுவிட்டால், அனுபவமுள்ளவர்கூடத் தம் ஐயத்தை அடக்கிக்கொண்டு அதற்கே இணங்கிவிடுவார். அவர்கள் கணிப்பும் இயந்திரத்தின் விடையும் வேறுபடும் படங்களை மட்டும் கண் நிபுணர் அன்றே தொலைவிலிருந்து பார்த்துச் சொல்லலாம்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் படம் தெளிவாக வரும். ஆனால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வந்தவர் தனியாக மோட்டார் சைக்கிளில் திரும்ப வேண்டியவரா என்று கேட்டறிந்து, சொட்டு மருந்தை இன்றே போடுவதா, துணையோடு வரச் சொல்வதா என்று தீர்மானிப்பவர் தாதிதான். நேயர்களே, அந்தக் கேள்வியை அவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.