கூட வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ கேம் என்றதும் சுடுவதும் ஓடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது ரோல் பிளேயிங் கேம் என்கிற வகையைப் பற்றி. ஒரு பெரிய கதைக்குள் நீங்களும் ஒரு ஆளாக நடமாடுவீர்கள். கதை முடியப் பல வாரங்கள்கூட ஆகலாம். அத்தனை நாளும் சில பேர் உங்களோடு கூடவே வருவார்கள். எனக்கு அந்தக் கேம்களில் பிடித்ததே அவர்கள்தான்.

2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கேமில் ஸ்டென் என்று ஒருவன் இருக்கிறான். கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய கேம் அது. ஸ்டென் ஆஜானுபாகுவான போர்வீரன். ஒரு விவசாயக் குடும்பத்தையே கொன்றுவிட்டு, கூண்டில் அடைபட்டுக் கிடக்கும்போதுதான் அவனை முதன்முதலில் பார்ப்போம். நம்மோடு வந்த பிறகும் எதைக் கேட்டாலும் ஒற்றை வரியில்தான் பதில் வரும். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது, கூட வரும் லெலியானா அவனைச் சீண்டுகிறாள். நீ பூனைக்குட்டியோடு விளையாடியதைப் பார்த்தேன் என்கிறாள். அப்படி ஒரு பூனையே இல்லை என்கிறான். கையில் நூல் வைத்திருந்தாயே என்று அவள் விடாமல் கேட்க, அதற்குப் பயிற்சி கொடுத்தேன் என்கிறான்!

இந்தப் பேச்சால் கதை ஒரு அடிகூட நகராது. நமக்கு ஒரு பாயின்ட்டும் கிடைக்காது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர்கள் பேசுவது காதில் விழுமே, அப்படித்தான் இதுவும் விழுகிறது. ஆனால் அந்த நிமிடத்தில்தான் ஸ்டென் எனக்கு ஒரு மனிதனாகத் தெரிந்தான். இந்தக் கேமில் ஒரே நேரத்தில் மூன்று பேரைத்தான் அழைத்துப் போக முடியும். ஸ்டென், லெலியானா இருவரில் ஒருவரை முகாமில் விட்டுப் போயிருந்தால், அந்தப் பூனைக்குட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதே நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்' கேமில் காலித், ஜஹீரா என்று ஒரு தம்பதி வருவார்கள். சண்டைக்கு ஆகாதவன் என்று காலிதை மட்டும் கழற்றிவிட்டால் ஜஹீராவும் கூடவே கிளம்பிவிடுவாள். அதே கேமில் மின்ஸ்க் என்பவன் தன் தோழியை மீட்டுத் தரச் சொல்வான். சரி என்று சொல்லிவிட்டு நாள் கடத்தினால் நம்மையே தாக்குவான். நம்மைச் சாராத ஒரு வாழ்க்கை அவர்களுக்கு இருப்பதால்தான், அவர்கள் கூட வருவதற்கு ஒரு மதிப்பு வருகிறது.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. டிராகன் ஏஜில் ஒவ்வொருவருக்கும் நம்மைப் பற்றிய அபிப்பிராயம் ஒரு எண்ணாகத் தெரியும். பரிசு கொடுத்தால் அது ஏறும். நட்பைக் கடைக்காரரின் பற்றுவரவு நோட்டு மாதிரி ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதே பரிசுகளுக்குள், நம்மோடு வரும் அலிஸ்டேர் என்ற வீரனுடைய அம்மாவின் தாயத்தும் இருக்கிறது. சிறுவயதில் கோபத்தில் அவன் சுவரில் எறிந்து உடைத்தது. வளர்த்தவர் அதை ஒட்டவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது, நாம் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் எனக்கு எண் ஞாபகமே இல்லை.

அப்புறம், கதையின் கடைசிப் பகுதி. அலிஸ்டேர் தந்தையைப் போல நினைத்த டங்கன் ஒரு போரில் இறந்துபோகிறார். லோகேன் என்ற தளபதி, படையோடு பின்வாங்கிக் கைவிட்டுப் போன போர் அது. அந்த லோகேன் பிறகு நம்மிடம் தோற்று நிற்பான். அவனைக் கொல்லாமல் நம் படையில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. வரப்போகும் போரை நினைத்தால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன்.

அலிஸ்டேர் கிளம்பிவிட்டான். தாயத்து, அத்தனை மாதப் பேச்சு, உச்சத்தில் இருந்த அந்த எண், எதுவுமே அவனைத் தடுக்கவில்லை. அன்று முகாமுக்குத் திரும்பியபோது நெருப்பு பக்கத்தில், அவன் எப்போதும் நிற்கும் இடத்தில், யாருமில்லை.