'நோ டிஸ்க்' காட்டும் சிடி பிளேயர்: லென்ஸ் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: மேசையில் ஒரு சிடி பிளேயர். டிரே உள்ளே போகிறது. சில விநாடிகளில் திரையில் 'நோ டிஸ்க்'.]

டிஸ்க் போட்டதும் உள்ளே 'டிக், டிக்' என்று இரண்டு மூன்று தடவை சத்தம். பிறகு 'நோ டிஸ்க்'. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் வரும் பதில், "லென்ஸ் போயிடுச்சு, மாத்தணும்."

வாரண்டி முடிந்துவிட்டது என்றால் மூடியைத் திறந்து பார்ப்பதால் இழக்க ஒன்றுமில்லை. ஆனால் உடனே லென்ஸ் வாங்கக் கிளம்பாதீர்கள். லேசர் செத்துவிட்டது என்று அந்த எழுத்து சொல்லவில்லை. டிஸ்க்கைப் படிக்கும் வேலை ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இங்கே நாம் திறப்பது சோனியின் கேஎஸ்எஸ்-213 பிக்கப் உள்ள மெக்கானிசம். பிக்கப் என்பது லேசரும் லென்ஸும் சேர்ந்த பகுதி; கடைக்காரர் 'லென்ஸ்' என்று சொல்வது இதைத்தான். பல நிறுவனங்களின் மினி சிஸ்டங்களில் இதே பிக்கப்தான் இருக்கும். உங்கள் பிளேயரில் சான்யோவின் எஸ்எஃப்-பி101என் இருந்தாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

[காட்சி: சுவரிலிருந்து பிளக் பிடுங்கப்படுகிறது.]

திறப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. முதலாவது மின்சாரம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை) பவர் சப்ளை இருந்தால், 230 வோல்ட் ஏசி அங்கே 325 வோல்ட் டிசியாக மாறிப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கும். அந்தப் பகுதியில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது லேசர். சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். மங்கலாக இருக்கிறதே, ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கண் உணர்வது மிகச் சிறு பகுதியைத்தான். மீதி ஒளியும் விழித்திரையில்தான் போய் விழுகிறது. லென்ஸுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகவே கூடாது. செல்போன் கேமராவைச் சாய்வாகப் பிடித்து, போன் திரையில் பாருங்கள். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல போன்களில் பின்பக்கக் கேமராவின் ஃபில்டர் அகச்சிவப்பைத் தடுத்துவிடும்.

[காட்சி: மேல்மூடி கழற்றப்பட்ட மெக்கானிசம், டிஸ்க் இல்லாமல்.]

இனி டிஸ்க் போடாமல் பவர் கொடுத்து டிரேயை மூடுங்கள். மேல்மூடி உள்ள மாடலாக இருந்தால், மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை ஒரு பல்குச்சியால் அழுத்திப் பிடித்தால் போதும். இப்போது வரிசையாக நடப்பவற்றைக் கவனியுங்கள்.

பிக்கப் முழுவதும் நடு மோட்டாரை நோக்கி நகர்ந்து, அங்கே உள்ள லிமிட் சுவிட்சைத் தொட்டு நிற்கும். டிஸ்க்கில் என்னென்ன பாட்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் உள்வட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் எல்லா சிடி பிளேயரும் உள்ளிருந்து தொடங்கி வெளியே போகும். அடுத்து லேசர் எரியும். அதோடு லென்ஸ் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசையும். இது ஃபோகஸ் தேடல். நீங்கள் கேட்ட 'டிக், டிக்' இதுதான். ஃபோகஸ் கிடைத்தால் மட்டுமே ஸ்பிண்டில் மோட்டார், அதாவது டிஸ்க்கைச் சுற்றும் அந்த நடு மோட்டார், வேகமெடுத்து, பட்டியலைப் படிக்கும்.

சங்கிலி எங்கே அறுகிறதோ, கோளாறு அங்கே.

பிக்கப் நகரவே இல்லை, அல்லது உள்ளே வந்து முட்டிய பிறகும் பல்சக்கரம் 'கரகர' என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால், பிக்கப்பை நகர்த்தும் ஸ்லெட் மோட்டாரையும் லிமிட் சுவிட்சையும் பாருங்கள். சுவிட்சின் தொடுமுனையில் படிந்த கறுப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, சுவிட்சைப் பலமுறை அழுத்தி விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கடையில் ஐபிஏ என்று கேளுங்கள். 99 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். தண்ணீர் கலந்தது லென்ஸில் கறை விடும்.

லென்ஸ் அசைகிறது, லேசர் ஒளி மட்டும் இல்லை என்றால், முதல் சந்தேகம் ரிப்பன் கேபிள் மேல். கேஎஸ்எஸ்-213இல் 16 கம்பி உள்ள தட்டையான கேபிள், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பிக்கப் போய் வரும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து ஏதோ ஒரு கம்பி உள்ளே அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டரில் இரு முனைகளையும் தொட்டு, கேபிளை வளைத்துக்கொண்டே ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். அதே நீளம், அதே எண்ணிக்கை உள்ள புதுக் கேபிள் மலிவாகவே கிடைக்கும்.

லேசர் எரிகிறது, லென்ஸ் அசைகிறது, டிஸ்க் போட்டால் மட்டும் சுற்றவில்லை. அதிகம் காணும் நிலை இதுதான். நம் வீடுகளில் இதற்கு முதல் காரணம் அழுக்கு.

[காட்சி: லென்ஸ், மிக அருகில். மேலே மங்கலான படலம்.]

இந்த அழுக்கு வெறும் தூசி அல்ல. ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிக்கும் புகை எல்லாம் சேர்ந்து எண்ணெய்ப் படலமாக ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும். முதலில் ரப்பர் புளோயரால் தளர்ந்த தூசியை எடுங்கள். பிறகு காட்டன் பட்ஸை ஐபிஏயில் தொட்டு உதறி, லென்ஸின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றியபடி துடையுங்கள். பட்ஸின் எடை மட்டும் போதும், அழுத்தம் வேண்டாம். லென்ஸ் மிக மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது. அது வளைந்தால் பிக்கப்பே வீண். உடனே உலர்ந்த பட்ஸால் இன்னொரு தடவை. அசிட்டோன், தின்னர், பெட்ரோல் கிட்டேயே கொண்டுவர வேண்டாம்: பிளாஸ்டிக் லென்ஸ் வெளுத்துவிடும். லென்ஸுக்கு அடியில் உள்ள கண்ணாடியிலும் தூசி இறங்கியிருக்கும். பக்கவாட்டு இடைவெளி வழியாகப் புளோயரால் நாலைந்து தடவை அடியுங்கள்.

தூரிகை வைத்த 'லென்ஸ் கிளீனர் டிஸ்க்' கடைகளில் விற்கிறார்கள். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. சுற்றும் தூரிகை லென்ஸைத் தட்டிவிட்டுப் போகிறது. எண்ணெய்ப் படலம் அப்படியே இருக்கிறது.

துடைத்த பிறகும் சுற்றவில்லையா? இப்போது ஸ்பிண்டில் மோட்டாரைச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் கம்பிகளுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, டிஸ்க் உட்காரும் தட்டை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். பத்து ஓம், அதை ஒட்டிய அளவு சீராக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு கோணத்தில் அளவு திடீரென எகிறினால், உள்ளே பிரஷ் தொடும் இடத்தில் கார்பன் படிந்திருக்கிறது. கனெக்டர் கழன்ற நிலையிலேயே இரண்டு பென்டார்ச் பேட்டரி, அதாவது 3 வோல்ட், கொடுத்து இரு திசையிலும் அரை நிமிடம் ஓடவிட்டால் ஓரளவு சுத்தமாகும். இது கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும். மோட்டாரையே மாற்றுவதானால், மேலே உள்ள தட்டைக் கழற்றும் முன் அதன் உயரத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். புது மோட்டாரில் அதே உயரத்துக்கு அழுத்த வேண்டும். உயரம் தவறினால் லென்ஸால் ஃபோகஸ் பிடிக்க முடியாது. நல்ல லேசரும் 'நோ டிஸ்க்' காட்டும்.

மோட்டார் பலவீனமானதற்கு இன்னொரு அறிகுறி உண்டு. முதல் பாட்டுகள் திக்கும், கடைசிப் பாட்டுகள் நன்றாக ஓடும். டிஸ்க் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. உள்வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவட்டத்தில் 200. தேய்ந்த மோட்டார் திணறுவது வேகம் அதிகம் வேண்டிய உள்பக்கத்தில்.

இதற்கு நேர் எதிராக, பாதி டிஸ்க் தாண்டியதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடினால், கிரீஸ் கெட்டியாகிவிட்டது.

[காட்சி: பிக்கப் நகரும் உலோகத் தண்டு, பழுப்பான பழைய கிரீஸ்.]

தண்டிலும் பல்சக்கரங்களிலும் உள்ள பழைய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் தூசியோடு சேர்ந்து பசை போல ஆகியிருக்கும். அதன் மேலேயே புது கிரீஸ் தடவுவது பயனில்லை. பல்சக்கரத்தைக் கையால் சுற்றி, பிக்கப்பை ஒரு கோடிக்கு நகர்த்தி, தண்டை ஐபிஏ தொட்ட துணியால் துடையுங்கள், பிறகு மறுகோடி. பல்லிடுக்குகளைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகோன் அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ், அரிசிமணி அளவு, சக்கரங்களுக்கு. தண்டுக்கு விரலில் தொட்டுத் தடவும் மெல்லிய படலம் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் அது உறையும், பிறகு பிசுபிசுக்கும். துருநீக்கி ஸ்பிரேயும் வேண்டாம். அது தெறித்து லென்ஸ் மேல் படியும்.

டிரே திறக்காத கோளாறு எளிது. சதுர வடிவ ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். இரு சக்கரங்களையும் சுற்றி ஒரு நூலை வைத்து நீளம் அளந்து, அதைவிட ஐந்து முதல் எட்டு சதவீதம் குறைவான பெல்ட் வாங்குங்கள். நூல் 130 மில்லிமீட்டர் வந்தால் பெல்ட்டின் சுற்றளவு 122, அதாவது விட்டம் 39 மில்லிமீட்டர் இருந்தால் சரி. சக்கரங்களை ஐபிஏயால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பெல்ட் கிடைக்கும்வரை பழையதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் சில வாரம் இழுக்கும். டிரேயைக் கழற்றும் முன் பல்சக்கரங்களின் நிலையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டிரே பாதியில் நிற்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் லேசரைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் ஒரு சோதனை உண்டு. கம்பெனி அச்சிட்ட டிஸ்க் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் எழுதிய சிடி-ஆர் மட்டும் ஓடவில்லை. முன்பு இரண்டும் ஓடியவை. அப்படியானால் லேசர் மங்கிக்கொண்டு வருகிறது. அழித்து மறுபடி எழுதும் சிடி-ஆர்டபிள்யூவை வைத்துச் சோதிக்காதீர்கள். அது திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைவு; புதுசாக இருந்தபோதே பல பழைய பிளேயர்கள் அதைப் படித்ததில்லை.

சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் கரண்டையும் அளக்கலாம். லேசரோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது 22 ஓம், அதன் இரு முனைக்கு நடுவில் 1.1 வோல்ட் என்றால், லேசர் 50 மில்லியாம்ப் இழுக்கிறது. பிக்கப்பின் லேபிளில் உள்ள அளவைவிட இது கணிசமாக ஏறியிருந்தால், அதே ஒளியைத் தர லேசர் அதிகம் உழைக்கிறது. அதன் காலம் முடிகிறது.

[காட்சி: பிக்கப் பக்கவாட்டில் உள்ள மிகச் சிறிய பிரீசெட், அதாவது லேசரின் அளவைச் சரிசெய்யும் திருகு. மேலே சிவப்புக் குறுக்குக் கோடு.]

இந்தக் குட்டி பிரீசெட்டைத் திருகினால் லேசர் 'பிரைட்' ஆகும் என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் நிறைய. தயவுசெய்து தொடாதீர்கள். சில நாள் ஓடும். பிறகு டயோடு அளவுக்கு மீறிச் சூடாகி ஒரேயடியாக அணைந்துவிடும். திரும்பப் பழைய இடத்தில் வைக்க ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால், சென்னையில் ரிச்சி தெரு, கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு போன்ற இடங்களில் பிக்கப் கிடைக்கும். எண்ணோடு கடைசி எழுத்தையும் பார்த்து வாங்குங்கள். கேஎஸ்எஸ்-213க்குப் பின்னால் வரும் பி, சி, கியூ எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. முடிந்தால் மோட்டார்களோடு முழு மெக்கானிசமாகவே, கேஎஸ்எம்-213சிசிஎம் போல, வாங்கிவிடுவது நல்லது. தேய்ந்த ஸ்பிண்டில் மோட்டாரும் கூடவே போய்விடும்.

புது பிக்கப் ஓடாமல் போவதற்கு, பலர் கவனிக்காமல் விடும் காரணம் ஒன்று உண்டு. கையில் உள்ள நிலைமின்சாரம் லேசரைக் கொல்லாமல் இருக்க, தொழிற்சாலையிலேயே இரண்டு புள்ளிகளைச் சொட்டு ஈயத்தால் இணைத்து அனுப்புவார்கள். அந்த ஈயம் இருக்கும்வரை லேசர் எரியாது. வரிசை முக்கியம்: முதலில் உலோகத்தைத் தொட்டு உங்கள் உடம்பின் மின்னேற்றத்தை இறக்குங்கள். பிறகு ரிப்பன் கேபிளைச் செருகுங்கள். அதற்குப் பிறகுதான், எர்த் உள்ள சால்டரிங் அயர்னால் அந்த ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். பழையதைக் கழற்றும்போது இதற்குத் தலைகீழ்.

ஒரு பக்கம் மட்டும் பாட்டு வராதது வேறு கதை. அதற்கும் லேசருக்கும் சம்பந்தமில்லை. ஹெட்போன் ஜாக், ஆர்சிஏ சாக்கெட் அடியில் விரிசல் விட்ட ஈயப் பற்றைச் சால்டரிங் அயர்னால் மறுபடி பற்றவைத்தால் பெரும்பாலும் முடிந்தது.

சூடானதும் நின்றுபோகும் பிளேயரில், 5 வோல்ட்டைச் சீராகத் தரும் 7805 ரெகுலேட்டரின் வெளிவரும் முனையை அளந்து பாருங்கள். 4.8இலிருந்து 5.2 வோல்ட்டுக்குள் நிலையாக நிற்க வேண்டும். ஊசலாடினால் அதன் கால்களில் பற்று விட்டிருக்கும், அல்லது பக்கத்துக் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும்.

[காட்சி: டிஸ்க்கின் இரு பக்கங்கள்.]

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒரே ஒரு டிஸ்க், ஒரே இடத்தில் திக்கினால், குற்றம் டிஸ்க்குடையது. தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் தகவல் அழிந்தாலும் பிளேயர் கணக்குப் போட்டு மீட்டுவிடும். அதனால்தான் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் தொந்தரவு தருவதில்லை, தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகும் கீறல் கெடுக்கிறது. டிஸ்க்கைத் துடைக்கும்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். பளபளக்கும் பக்கத்தைவிட எழுத்துள்ள பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து. அலுமினியப் படலம் அங்கே மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது; அது உரிந்தால் பாட்டு போனது போனதுதான்.

மூடியைத் திருகுவதற்கு முன், 70 நிமிடத்துக்கு மேல் உள்ள ஒரு டிஸ்க்கை முழுசாக ஓடவிடுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்கும், கடைசியிலிருந்து முதலுக்கும் பலமுறை தாவ வையுங்கள். பிறகு பிளேயரை லேசாகச் சாய்த்துப் பார்த்து, அப்போதும் விடாமல் பாடினால் திருகுகளை மாட்டலாம்.