ஆண்டவர் சொன்னாரு, பாருக்கு மையினால எழுதினாரு

வணக்கம். பஸ்ஸுல போயிட்டே கேக்கறவங்க, அடுப்புல குழம்பை வச்சுட்டு கேக்கறவங்க எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, முப்பது வருஷத்துக்கு மேல சண்டே ஸ்கூல்லயும் பாடம் எடுத்திருக்கேன். இறையியல் காலேஜ்ல படிச்சவ இல்ல. ஆனா வேதாகமம் ஆண்டவர் வார்த்தைன்னு சொல்றோமே, அது எப்படி அவரோட வார்த்தை ஆச்சுங்கற கேள்வி ரொம்ப வருஷமா எங்கூடவே இருக்கு, இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

எனக்கு இந்தக் கேள்வி ஒரு பையன் கிட்டருந்து வந்தது. ஆறாங்கிளாஸ் படிச்ச பையன். அன்னிக்கு பாடம் ஒண்ணு கொரிந்தியர் முதல் அதிகாரம், அதாவது அப்போஸ்தலன் பவுல் கொரிந்துங்கற ஊர் சபைக்கு எழுதின கடிதம். கொரிந்து சபையில சண்டை, நான் பவுல் கட்சி நான் அப்பொல்லோ கட்சின்னு ஆளாளுக்குப் பிரிஞ்சு நிக்கறாங்க, பவுலுக்குக் கோவம். கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்கள்ல ஒருத்தருக்கும் நான் ஞானஸ்நானம் குடுக்கலை, அதுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு எழுதறாரு. எழுதிட்டு ஒரு வசனம் தள்ளி பாருங்க, "ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் நான் ஞானஸ்நானங்கொடுத்ததுண்டு"ங்கறாரு. அதாவது இப்பதான் ஞாபகம் வந்திருக்கு. அதோட விடல, இன்னும் யாருக்காவது குடுத்தேனோ இல்லையோ "அறியேன்"னு முடிச்சிடறாரு. அந்தப் பையன் எந்திரிச்சு, "டீச்சர், ஆவியானவர்தான எழுத வச்சாரு, அவருக்குத் தெரியுமே, பவுலுக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?"ன்னு கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படியெல்லாம் கேக்கக்கூடாது, உக்காருன்னு சொன்னேன். அவனும் உக்காந்துட்டான், அப்புறம் அவன் எந்தக் கேள்வியும் கேக்கல. அது தப்புன்னு அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரிஞ்சுது. அவன் விசுவாசத்துல குறை இல்ல, வாசிச்ச வசனத்தை வாசிச்ச மாதிரியே எடுத்துக்கிட்டான். நான்தான் வசனத்துக்கு மேல வேற ஒரு படத்தை ஒட்டி வச்சிருந்தேன்.

அது என்ன படம்னா, ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், "சொல்வதை எழுதுதல்". டீச்சர் நின்னு வாசிப்பாங்க, பிள்ளைங்க குனிஞ்சு நோட்டுல எழுதும், புள்ளி வச்சா புள்ளி, கமா வச்சா கமா. மோசே, ஏசாயா, பவுல் எல்லாரும் அப்படி எழுதினாங்கன்னுதான் நம்மள்ல நிறைய பேரு மனசுக்குள்ள வச்சிருக்கோம். ஆனா வேதாகமத்தைத் திறந்து உள்ளயே பாருங்க, அது தன்னைப் பத்தி அப்படிச் சொல்லிக்கவே இல்ல. லூக்கா தன் சுவிசேஷத்தோட முதல் வரியிலயே எனக்கு முன்னாடி அநேகம்பேர் எழுதியிருக்காங்க, நானும் எல்லாத்தையும் திட்டமா விசாரிச்சு அறிஞ்சு எழுதறேன்னு சொல்றாரு. விசாரிச்சாராம். நாலு பேரைப் போய்ப் பாத்து, கேட்டு, ஒழுங்கு பண்ணி எழுதியிருக்காரு. பவுலோட ரோமர் நிருபம், நிருபம்னா கடிதம், அதோட கடைசி அதிகாரத்துல "இந்த நிருபத்தை எழுதின தெர்தியு"ன்னு ஒருத்தர் நடுவுல தலையைக் காட்டி வணக்கம் சொல்லிட்டுப் போறாரு. பவுல் சொல்லச் சொல்ல எழுதின மனுஷன், அவருக்கும் அதுல ஒரு வரி.

ஆனா இதுக்கெல்லாம் மேல எனக்குப் பிடிச்ச ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது. எரேமியா தீர்க்கதரிசியோட புத்தகம், 36-வது அதிகாரம். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அதை முழுசா வாசிங்க, ஒரு பத்து நிமிஷம் ஆகும்.

யோசியா ராஜாவோட மகன் யோயாக்கீம் யூதா நாட்டை ஆண்ட நாலாம் வருஷம், கி.மு. 605 வாக்குல. ஆண்டவர் எரேமியாகிட்ட ஒரு சுருளை எடு, நான் உனக்கு இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எழுதுங்கறாரு. இதுவரைக்கும்னா எவ்வளவு நாள்? அதே நாலாம் வருஷத்துல எரேமியாவே 25-வது அதிகாரத்துல கணக்குச் சொல்றாரு, 23 வருஷம். யோசிச்சுப் பாருங்க, 23 வருஷம் தெருவுலயும் ஆலய வாசல்லயும் நின்னு பேசினது, ஜனங்க காதுல போட்டுக்காதது, அத்தனையும் ஞாபகத்துல இருந்து எடுத்துச் சொல்லணும். எரேமியா எழுதல, நேரியாவோட மகன் பாருக்கைக் கூப்பிடறாரு. இவர் சொல்ல அவர் எழுதறாரு.

எரேமியா ஆலயத்துக்குப் போக முடியாதபடி அடைபட்டிருக்காரு, அதனால பாருக்கு போய் உபவாச நாள்ல எல்லா ஜனமும் கேக்க வாசிக்கறாரு. விஷயம் பிரபுக்களுக்குப் போகுது. அவங்க பாருக்கை உக்காரவச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பயந்துபோய், அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கறாங்க. எத்தனையோ தடவை வாசிச்சும் இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்ல. நீ இதை எப்படி எழுதினன்னு எங்களுக்குச் சொல்லுங்கறாங்க. நம்ம கேள்வியேதான்! அந்தப் பையன் கேட்டதுதான்! பாருக்கு வானம் திறந்துச்சு, தூதன் கையைப் பிடிச்சான்னு எதுவும் சொல்லல. எரேமியா தன் வாயினால சொன்னாரு, "நான் மையினால் புஸ்தகத்தில் எழுதினேன்"னு சொன்னாரு. அவ்வளவுதான் பதில். ஆண்டவரோட வார்த்தை எப்படி வந்துச்சுன்னு கேட்டா, ஒரு வாய், ஒரு கை, கொஞ்சம் மை.

அப்புறம் சுருள் ராஜாகிட்ட போகுது. குளிர் காலம், ராஜா குளிர்கால வீட்டுல உக்காந்திருக்காரு, முன்னால கணப்பு எரியுது, கணப்புன்னா கரி போட்டுக் குளிர்காயறது. யெகுதின்னு ஒருத்தர் வாசிக்கறாரு. மூணு நாலு பத்தி வாசிச்சதும் ராஜா சூரிக்கத்தியால அதை அறுத்து நெருப்புல போடறாரு. மறுபடி வாசிக்க, மறுபடி அறுக்க, மறுபடி நெருப்புல. மூணு பேர் எரிக்காதீங்கன்னு கெஞ்சறாங்க, கேக்கல. முழுச் சுருளும் போச்சு. 23 வருஷம் போச்சு.

சொல்வதை எழுதுதல் மாதிரி இருந்தா இப்ப என்ன ஆகணும்? மேல அசல் இருக்கு, இன்னொரு காப்பி வரணும், எழுத்து மாறாம. ஆனா அதிகாரத்தோட கடைசி வசனத்தைக் கேளுங்க. எரேமியா வேற சுருள் எடுத்துக் குடுக்கறாரு, பாருக்கு எரிஞ்சுபோன எல்லா வார்த்தையையும் எழுதறாரு, அதோட "இன்னும் அவைகளுக்கொத்த அநேகம் வார்த்தைகளும்" சேர்க்கப்பட்டதுன்னு இருக்கு. புது சுருள் பழசை விடப் பெருசு! ராஜா எரிச்சதே அதுக்குள்ள ஒரு சேதியா ஏறிடுச்சு. நடந்த சம்பவமும், அந்த ரெண்டு பேரோட ஞாபகமும், வயித்தெரிச்சலும் சேர்ந்து வளர்ந்த புத்தகம் இது.

வளர்ந்ததுன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு செப்துவஜிந்த்னு இருக்கு, அதுல எரேமியா புத்தகம் நம்ம கையில இருக்கறதை விட எட்டுல ஒரு பங்கு மாதிரி சின்னது, அதிகாரங்களோட வரிசையும் வேற. மொழிபெயர்த்தவங்க வெட்டிட்டாங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க. ஆனா சவக்கடல் பக்கம் கும்ரான் குகைகள்ல 1947-லருந்து சுருள்கள் கிடைச்சுதே, அதுல எரேமியா துண்டுகளும் இருந்துச்சு, எபிரெய மொழியில, சில துண்டு நம்ம நீளமான வடிவம், சிலது அந்தச் சின்ன வடிவத்துக்கு ஒத்துப்போகுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்திருக்காங்க. இதை முதல்ல வாசிச்சப்ப எனக்கு அடிவயிறு கலங்குச்சு, உண்மையைச் சொல்றேன். எது ஒரிஜினல், ஆண்டவர் எதைச் சொன்னாருன்னு தூக்கம் வரல. அப்புறம் 36-வது அதிகாரத்தை மறுபடி எடுத்தேன், அந்த அதிகாரமே இதை முன்னாடியே சொல்லியிருக்குன்னு பட்டுச்சு.

பாருக்கைப் பத்தி இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். 45-வது அதிகாரம், அஞ்சே வசனம், அதே நாலாம் வருஷம். அவர் எழுதி எழுதி ஓஞ்சுபோய், ஐயோ, என் தவிப்பினால இளைச்சுட்டேன், எனக்கு இளைப்பாறுதல் இல்லன்னு புலம்பறாரு. எழுதினவரோட களைப்பும் வேதத்துக்குள்ள இருக்குங்க. அதை யாரும் அடிச்சு எடுக்கல.

சரி, அப்ப ரெண்டு தீமோத்தேயு 3:16 என்ன ஆகும்னு கேப்பீங்க. "வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது." தமிழ் டீச்சரா எனக்கு இந்த "அருளப்பட்டிருக்கிறது" ரொம்பப் பிடிக்கும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் சபைக்காரங்களான நாமளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்துல "தூண்டுதல்"னு போட்டிருக்காங்க, அதுவும் ஒரு பக்கத்தைச் சொல்லுது. ஆனா கிரேக்கத்துல இருக்கற வார்த்தை தெயொப்நியூஸ்தொஸ், தேவன் ஊதினது, தேவ மூச்சு பட்டதுன்னு அர்த்தம். மூச்சுன்னதும் எனக்கு ஆதியாகமம் ரெண்டாம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். மண்ணை உருட்டி மனுஷனைப் பண்ணி நாசியில ஜீவசுவாசத்தை ஊதினாரு. ஊதினதும் மண்ணு தங்கமா மாறிடுச்சா? இல்லையே, மண்ணுதான், இன்னிக்கும் அடிபட்டா வலிக்குது, செத்தா மக்கிப்போகுது, ஆனா உயிரோட இருக்கு. அந்த மாதிரிதான் நான் இதைப் புரிஞ்சுக்கறேன். பவுலோட மறதி மறதிதான், பாருக்கோட களைப்பு களைப்புதான், அதுக்குள்ள அவர் மூச்சு இருக்கு.

வார்த்தை மாறினா ஆண்டவர் போயிடுவாரோங்கற பயம் நமக்குப் புதுசு இல்ல. தரங்கம்பாடியில மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சது 1715. அப்புறம் பப்ரிசியுஸ் திருத்தினாரு, அப்புறம் ரேனியஸ் வேற மாதிரி எழுத, தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பப்ரிசியுஸோட தமிழை விடமாட்டேன்னு எதிர்த்து நின்னாரு. இன்னிக்கு நம்ம பாட்டிங்க மனப்பாடமா சொல்ற தமிழ் பவர் ஐயர் குழு 1871-ல கொண்டுவந்தது, அதை மாத்தினா நமக்குக் கோவம் வருது. எனக்கே வருது, அந்த சங்கீதங்களைச் சொல்லித்தான் எங்கம்மாவை அடக்கம் பண்ணினோம்.

வெளிப்பாடுன்னு சொல்றோமே, ஆண்டவர் தன்னைக் காட்டறது, அது புத்தகத்துக்கு முன்னாடியே ஒரு ஆள். எபிரெயர் முதல் வசனம், பங்குபங்காவும் வகைவகையாவும் தீர்க்கதரிசிகள் மூலமா பேசினவரு, கடைசியில குமாரன் மூலமா "திருவுளம்பற்றினார்". யோவான் 5:39-லயும் இயேசு வேதவாக்கியங்கள் என்னைக் குறிச்சு சாட்சி குடுக்குதுங்கறாரு. சாட்சின்னா கோர்ட்ல நாம பாக்கறதுதான், ஒவ்வொருத்தரும் நின்ன இடத்துல இருந்து, கண்டதைச் சொல்லுவாங்க. நாலு சுவிசேஷமும் அச்சு மாறாம ஒண்ணா இருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்கும்.

இது படிச்சவங்க உக்காந்து பேசற விஷயம்னு மட்டும் நெனச்சுடாதீங்க. 1934-ல ஜெர்மனியில சில சபைக்காரங்க ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததையே தேவனோட வெளிப்பாடுன்னு பேசினாங்க. அந்த மே மாசக் கடைசியில பார்மன்ங்கற ஊர்ல கூடினவங்க, இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிக் குடுத்த அறிக்கையில, வேதம் சாட்சி சொல்ற இயேசு கிறிஸ்து ஒருத்தர்தான் நாம கேக்கவேண்டிய ஒரே தேவவார்த்தைன்னு சொன்னாங்க. ஆண்டவர் எங்க பேசறாருங்கற கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா எங்க போய் முடியும்னு அந்த நாடு பாத்துச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு விரல் காட்றாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு, வேகமா சொல்லிடறேன். ஒண்ணு, கத்தோலிக்க பிஷப்மாரு எல்லாரும் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962-ல வெளிப்பாட்டைப் பத்தி வந்த முதல் வரைவைப் பாதிக்கு மேல பிஷப்மாரு ஏத்துக்கல, போப் இருபத்திமூணாம் யோவானே அதைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு, மூணு வருஷம் பேசிப் பேசி 1965 நவம்பர் 18-ல புது ஏடு வந்துச்சு, எதிர்த்து ஓட்டுப் போட்டது ஆறே பேர். எழுதினவங்க உண்மையான ஆசிரியர்கள்னும், நம்ம மீட்புக்காக ஆண்டவர் எழுத விரும்பின உண்மையை வேதம் தவறாம சொல்லுதுன்னும் அதுல இருக்கு. அந்த "மீட்புக்காக"ங்கறதைப் பத்திதான் நான் அரைமணி நேரம் வச்சிருந்தேன், சரி, இருக்கட்டும்.

இன்னொண்ணு 137-ம் சங்கீதம். பாபிலோன் ஆறுகள் பக்கத்துல உக்காந்து அழுதோம்னு நாம பாட்டா பாடறோம், கடைசி வசனத்தை மட்டும் விட்டுடறோம், பகைவனோட குழந்தைகளைக் கல்லுல மோதறவன் பாக்கியவான்னு இருக்கறதால. அதை ஆண்டவரோட மனசுன்னு நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் குடுக்க மாட்டேன். ஊரு எரிஞ்சு, பெத்ததுகளைப் பறிகுடுத்தவங்க ஆண்டவர் முன்னாடி மறைக்காம கொட்டினது அது, அவங்க அப்படிப் பேசினதைக் கேட்டுக்கிட்டு அவர் அங்கேயே இருந்தாரு, அதையும் தன் புத்தகத்துல இருக்க விட்டாரு. நேரம் முடிஞ்சுதாம். எரேமியா 36, மறக்காம வாசிங்க. அந்தப் பையன் இப்ப பெரியவனாகி இருப்பான், எந்த ஊர்ல இருக்கானோ, இதைக் கேட்டுட்டு இருந்தான்னா, தம்பி, நீ கேட்டது நல்ல கேள்விப்பா. வணக்கம்.