சந்தாப் புத்தகத்தின் பின்பக்கம்

(2026 பிப்ரவரி 15, ஞாயிறு மாலை, கரூருக்குப் பக்கத்தில் ஒரு சபையின் லெந்து ஆயத்தக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதி, அங்கங்கே வாக்கியங்களை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)

ஆயர் ஐயாவுக்கும் சபையார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

வருகிற புதன்கிழமை, 18ஆம் தேதி, சாம்பல் புதன். ஏப்ரல் 5 ஈஸ்டர். நடுவில் 46 நாள், ஞாயிறுகளைக் கழித்தால் 40. இதுதான் லெந்து, நம் உபவாச காலம். இந்தக் கணக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். நான் இன்றைக்கு இன்னொரு கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சபைச் சந்தாக் கணக்கு. பாக்கி கேட்க வரவில்லை, பொருளாளர் அந்த வேலையை என்னிடம் கொடுக்கவும் இல்லை. ஆனால் லெந்துக்கும் சந்தாவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

அதற்கு முன்னால் நம்ம ஊர் வார்த்தை ஒன்று. இங்கே பண்டிகைக்கு நோம்பி என்று பேர். பொங்கல் நோம்பி, ஆடி நோம்பி, தீபாவளி நோம்பி. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குச் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் கேட்டார்: "நோன்பு என்றால் பட்டினி கிடப்பதுதானே? கறிசோறு ஆக்கிச் சாப்பிடுகிற நாளை நீங்கள் ஏன் நோம்பி என்கிறீர்கள்?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு யோசித்தேன். நம் அக்கம்பக்கத்தில் மாரியம்மன் கோயிலுக்குக் கம்பம் நட்டார்கள் என்றால் ஊரே வாயைக் கட்டுகிறது. கவிச்சி இல்லை, வீட்டில் சண்டை கூடாது. அந்த நாட்களெல்லாம் சேர்ந்து, கம்பம் ஆற்றுக்குப் போகிற நாள் நோம்பியாக முடிகிறது. நோற்பதும் கொண்டாடுவதும் ஒன்றுக்குள் ஒன்று என்று நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு, இரண்டையுமே அவர்கள் ஊராகச் சேர்ந்துதான் செய்தார்கள். தனியாக ஒருத்தர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நோம்பி கொண்டாடி நான் பார்த்ததில்லை.

நாம் லெந்தை எப்படி அனுசரிக்கிறோம்? ஆளுக்கொன்றை விடுகிறோம். ஒருவர் கறி மீனை விடுகிறார், ஒருவர் காலைச் சாப்பாட்டை விடுகிறார், பிள்ளைகள் இப்போது போனை விடுகிறோம் என்கிறார்கள். இதை நான் குறைவாக நினைக்கவே இல்லை. என் அம்மா அந்த நாற்பது நாளும் தலையில் பூ வைக்க மாட்டார். மல்லிகைப் பூ என்றால் உயிரை விடுகிறவர். பங்குனி வெயிலில் பூக்காரம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்தால், எடுத்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவார். அப்புறம் பிடி அரிசி. உலை கொதித்ததும் படியால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து மூலையில் இருக்கிற மண் கலயத்தில் போடுவார். நாங்கள் ஆறு பேர் சாப்பிடுகிற வீடு. அரிசி குறைவாக இருக்கிற நாளில் பிடி சிறிதாகும், ஆனால் நிற்காது. சனிக்கிழமை அந்தக் கலயத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். அது எந்த வீட்டு உலைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். தெரு முனையில் இருக்கிற பாட்டி வீட்டுக்கு. இந்த விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே குறைந்த அரிசி போய்ச் சேர்கிற அடுப்பு எது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஐயாவிடம் வருகிறேன். நாம் 1947 செப்டம்பர் 27 முதல் தென்னிந்தியத் திருச்சபை. மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முன்னால் கோயம்புத்தூர், ஈரோடு, சேலத்தில் வேலை செய்தது லண்டன் மிஷன். கரூரிலும் தாராபுரத்திலும் வேலை செய்தது வெஸ்லியன் மிஷன். அதனால் நம் வீட்டுப் பெரியவர்கள் தங்களை மெதடிஸ்ட் என்றே சொல்லிக்கொள்வார்கள். வருஷத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிறோமே, அது அவர்கள் கொண்டுவந்த சொத்து. அதைவிடப் பெரிய சொத்து ஒன்றும் அவர்கள் கையில் இருந்தது. அது நம் கையை விட்டுப் போய்விட்டது.

இன்றைக்குப் பிப்ரவரி 15. 1742ஆம் வருஷம் இதே பிப்ரவரி 15ஆம் தேதி, இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. ஜெபக்கூட்டம் கூட இல்லை, கடன் அடைக்கிற கூட்டம். அங்கே கட்டிய ஆராதனை மண்டபத்தின் மேல் கடன் நின்றது. என்ன செய்யலாம் என்று பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்ற ஒருவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னிக் காசு கொடுத்தால் கடன் தீரும் என்றார். அதற்கு ஒருவர், நம்மில் பலர் ஏழைகள், அந்த ஒரு பென்னிக்கும் வழியில்லையே என்றார். சரி, அப்படியானால் மிகவும் ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரா வாரம் நான் போய்ப் பார்க்கிறேன், கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும், முடியாதவர்களுக்கு என் கையிலிருந்து போடுகிறேன், நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஃபாய் சொன்னார்.

அப்படியே பிரித்துக்கொண்டு புறப்பட்டார்கள். வாரா வாரம் கதவைத் தட்டினால் பென்னி மட்டுமா கண்ணில் படும்? ஒரு வீட்டில் வாழ்க்கை சரியில்லை, இன்னொரு வீட்டில் துக்கம். போனவர்கள் வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். இத்தனை நாள் நாம் தேடியது இதைத்தான் என்று அவருக்கு அந்த நிமிஷமே பட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு அந்தப் பன்னிரண்டு பேரும் வாரம் ஒரு நாள் ஓரிடத்தில் கூட ஆரம்பித்தார்கள். அதற்கு வகுப்பு என்று பேர், நடத்துகிறவர் வகுப்புத் தலைவர். கடன் வசூலில் தொடங்கியது ஆத்தும விசாரணையாக ஆனது. மெதடிஸ்ட் சபை பிரசங்கத்தால் வளர்ந்தது என்கிறோம். பிரசங்கம் கேட்டவர்களை விழாமல் தாங்கிப் பிடித்தது இந்த வகுப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1784இல் அமெரிக்கச் சபைகளுக்காக இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தைச் சுருக்கிக் கொடுத்தபோது, வெஸ்லி லெந்து காலத்தையே அதிலிருந்து எடுத்துவிட்டார். சாம்பல் புதனும் இல்லை. ஆனால் உபவாசத்தை அவர் விடவே இல்லை. இளவயதில் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர். 1743இல் மெதடிஸ்ட் சங்கத்தாருக்கு எழுதிய பொது விதிகளில் தீமை செய்யாதே, நன்மை செய் என்பவற்றுக்கு அடுத்து, ஜெபத்தோடும் திருவிருந்தோடும் உபவாசத்தையும் சேர்த்தே எழுதினார். காலண்டரை விட்டாலும் விடுவார், பசித்திருப்பதையும் வீடு வீடாகப் போவதையும் விட மாட்டார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி நம் ஊர்க் கதை. என் சின்ன வயதில் எங்கள் சபையில் சந்தா வசூலிக்க ஒரு பெரியவர் வருவார். பெயர் வேண்டாம், குடும்பத்தார் கூச்சப்படுவார்கள். பச்சைக் கலர் சைக்கிள், கேரியரில் துணிப்பை, அதில் ரசீதுப் புத்தகம். எங்கள் அப்பா கைத்தறி நெசவு. பெரியவர் வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் கேட்பார். அப்புறம் தறியைப் பற்றி, பாவு நூலைப் பற்றி, பாட்டியின் முழங்காலைப் பற்றி. ஒரு மணி நேரம் போகும். பையிலிருந்து புத்தகம் வெளியே வருவது கடைசியில்தான். சில மாதம் புத்தகத்தை எடுக்காமலே எழுந்து போய்விடுவார்.

அவர் காலமான பிறகு, வீட்டில் இருந்த பழைய ரசீதுப் புத்தகங்களை அவர் மகள் சபை அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அடுக்கி வைக்கிற வேலை எனக்கு வந்தது. அடிக்கட்டைகளைப் புரட்டினேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் பொடி எழுத்து. "எருமை சினை. ஐப்பசி கழித்துக் கேள்." "பையன் பத்தாவது. கணக்கில் பயம்." "மருமகள் பேசுவதில்லை. அடுத்த தடவை அவளைக் கேட்டுத் தண்ணீர் வாங்கு." எங்கள் வீட்டுத் தாள்களும் இருந்தன. ஒரு தாளில், "தறி நின்றுவிட்டது. கேட்காதே." திருப்பிப் பார்த்தால் அந்த மாதத்துக்கும் சந்தா ரசீது போட்டிருக்கிறது. அடுத்த மாதத்துக்கும், அதற்கடுத்த மாதத்துக்கும். அப்பா கட்டியிருக்க முடியாது. யார் கட்டினார் என்று அவர் எழுதவில்லை. கேப்டன் ஃபாய் என்ற பேரை அவர் கேள்விப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு தாளில், "பெரிய பெண்ணுக்குப் படிக்க ஆசை. தகப்பனுக்கு மனசில்லை. மறுபடியும் பேசணும்." அந்தப் பெரிய பெண் நான். அவர் மூன்று தடவை வந்து அப்பாவிடம் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. எதற்கு வந்தார் என்று அந்தத் தாளைப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்துவிட்டு, கோயில் அலுவலகத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வேலை மாற்றலில் வேறொரு ஊரில் இருந்தபோது என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. எட்டு மாதம் நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை, போக முடியவில்லை. ஒருவரும் வரவில்லை. எட்டாவது மாதம் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சந்தா பாக்கி இத்தனை, கட்டாவிட்டால் சபை வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது. எழுதியவர் விதிப்படிதான் எழுதினார். அந்தக் கடிதத்தை என் கணவர் இடது கையால் பிடித்துப் படித்துவிட்டு, மடித்து, ஒன்றும் சொல்லாமல் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சபையைக் குற்றம் சாட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இங்கே பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வருகைப் பதிவேடு ஆறு வருஷம் என் கையில்தான் இருந்தது. வராதவர் பேருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டேன். எத்தனை வீட்டுக்குப் போனேன்? ஒரு கை விரலில் அடங்கும்.

இப்போது சந்தா ஜிபேயில் போகிறது. வெளியூரில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி, கணக்கும் சுத்தமாக இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சைக்கிளும் இதோடு நின்றுவிட்டது. யார் வாசலுக்கும் யாரும் போக வேண்டிய அவசியமே இல்லாமல் ஆகிவிட்டது. ஜவுளிக் கம்பெனியில் ஆர்டர் வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்தவர் காலை ஆராதனை மணி அடிக்கும்போதுதான் படுக்கிறார். நூற்பாலை விடுதிப் பிள்ளைகள் அனுமதி கிடைத்தால் வருகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பிகள் சிலர் கடைசி வரிசையில் நின்று, ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். பேர் கேட்டிருக்கிறோமா? வருகைப் பதிவேட்டில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கோடுதான்.

இந்த வருஷம் நம் லெந்து தொடங்குகிற சமயத்திலேயே ரம்ஜான் நோன்பும் தொடங்குகிறது. சாயந்திரம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி நம் தெருவுக்கும் வரும். பங்குனியில் கொடுமுடித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், வழியெல்லாம் மோர்ப்பந்தல் இருக்கும். அவர்கள் சேர்ந்து நோற்கிறார்கள், அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுத்து நோற்கிறார்கள். ஏசாயா 58ஆம் அதிகாரம் நமக்குச் சொன்னதும் இதைத்தானே? பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வது, உன் இனத்தானுக்கு ஒளிக்காமல் இருப்பது. இதுவே நான் விரும்புகிற உபவாசம் என்றார் கர்த்தர்.

அந்தரங்கத்தில் உபவாசி என்று இயேசு சொன்னாரே என்று ஒரு தம்பி போன வாரம் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அதே இடத்தில், தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்றும் சொல்லியிருக்கிறார். எண்ணெய் வைத்து முகம் கழுவியவர் எங்கே போவார்? நாலு பேரைப் பார்க்கத்தான் போவார். பசியை மறைக்கச் சொன்னார். முகத்தை மறைக்கச் சொல்லவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஆயர் ஐயாவும் கமிட்டியாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சபைக் குடும்பங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துச் சீட்டு எழுதியிருக்கிறோம். விடுதிகளுக்கும் தம்பிகள் தங்கியிருக்கிற அறைகளுக்கும் தனிச் சீட்டு இருக்கிறது. ஒரு சீட்டுக்கு ஒருவர். நாற்பது நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தடவையாவது போக வேண்டும். ரசீதுப் புத்தகம் கொண்டு போகக் கூடாது. போதிக்கவும் வேண்டாம். தண்ணீர் கேளுங்கள், உட்காருங்கள், எப்படி இருக்கீங்கன்னு கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள். கேட்டால் ஜெபம் பண்ணுங்கள். கேட்டதை வெளியே பேசாதீர்கள், இது கண்டிப்பு. ஒருவேளைச் சாப்பாட்டை விடுகிறவர்கள், மிச்சமாகிற அந்த நேரத்தில் போகலாம். அரிசி தேவைப்படுகிற வீடு என்று தெரிந்தால் பெண்கள் சங்கத்தில் என் காதில் மட்டும் போடுங்கள், மண் கலயத்தை மறுபடியும் வைத்திருக்கிறோம்.

ஒரு சீட்டை நான் எடுத்துவிட்டேன். அதில் மூன்றாவது வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். புதன்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு, நாலு மணிக்குப் புறப்படுகிறேன். மீதிச் சீட்டுகள் பின்னால் மேஜை மேல் இருக்கின்றன. பின்பக்கம் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறோம். பென்சிலும் வைத்திருக்கிறேன்.