உத்தி பிரிக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓசூரில் கருவிகள் செய்யும் ஒரு டூல்ரூமில் வேலை பார்ப்பவன். லீவு நாட்களில் பாலக்கோடு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ரோபோ செய்யும்போது கூடமாட உதவுகிறேன். ரோபோ செய்வதைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் நிலையத்தில் அழைத்தார்கள். அதைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேச வந்தது, செய்த ரோபோவைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போனபிறகு, கூட ஆடுவதற்குக் கூட்டாளி அணியைத் தேர்ந்தெடுக்கிற ஒரு பத்து நிமிடத்தைப் பற்றி.

சின்ன வயதில் கபடிக்கு உத்தி பிரித்திருப்பீர்கள். இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகத் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “தங்கம் வேணுமா, வெள்ளி வேணுமா?” தங்கம் என்றால் யார் வருவான் என்று தலைவனுக்குத் தெரியாது. நோஞ்சான் வந்து சேர்ந்தால் அவன் விதி. மாணவர் ரோபோ போட்டியிலும் உத்தி பிரிப்பது உண்டு. அங்கே கண்ணைத் திறந்துகொண்டு பிரிக்கலாம். ஆனால் பல அணிகள் கண்ணை மூடிக்கொண்டுதான் பிரிக்கின்றன. நாங்களும் அப்படித்தான் பிரித்தோம்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989-இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு நடத்தும் ‘டெக் சேலஞ்ச்’ போட்டிக்குத்தான் நாங்கள் போகிறோம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மைதானம். தொடங்கும்போது ரோபோ 18 அங்குலப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு ரோபோ, எதிர்ப்பக்கம் இரண்டு. முதல் 30 விநாடி ரோபோ தானாகவே ஓடும். இதற்கு ‘ஆட்டோ’ என்று பெயர். எங்கள் பிள்ளை ஒருத்தி வீட்டில் “ஆட்டோ சரியா ஓடல” என்று சொல்லப்போய், அவள் பாட்டி “பஸ்ல வரவேண்டியதுதானே” என்றாராம். அப்புறம் இரண்டு நிமிடம் பிள்ளைகள் ரிமோட்டில் ஓட்டுவார்கள்.

முதலில் தகுதிச் சுற்று. ஒவ்வொரு அணிக்கும் ஐந்தாறு மேட்ச். யாருடன் சேர்ந்து ஆடுவது என்பதைக் கம்ப்யூட்டர் கலைத்துப்போடும். அது முடிந்ததும் தரவரிசை வரும். அடுத்த சுற்றுக்கு மேலே இருக்கிற அணிகள்தான் கூட்டணித் தலைவர்கள். முதலாம் இடத்து அணி முதலில் போய், தனக்கு வேண்டிய கூட்டாளியைக் கூப்பிடும். மேலே இருக்கிற இன்னொரு தலைவரையே கூப்பிடவும் செய்யலாம். அவர்கள் சம்மதித்தால் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே வருவார்கள். மாட்டேன் என்று சொன்ன அணியை அதன்பிறகு வேறு யாரும் கூப்பிட முடியாது. அந்த அணி தலைவராக வந்தால்தான் உண்டு.

இந்த ஒரு படி மேலே வருவதில்தான் நாங்கள் மாட்டினோம். முதல் வருடம் ஐந்தாம் இடம். தலைவர்கள் நான்கு பேர்தான். யாராவது நம்மைக் கூப்பிட்டால் சரி என்று மூட்டை கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தோம். முதல் அணி மூன்றாம் இடத்து அணியைக் கூப்பிட, அவர்களும் சரி சொல்ல, நாங்கள் நான்காவது தலைவர் ஆகிவிட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் எங்கள் கேப்டன். மைக் அவள் கையில். கையில் பட்டியல் எதுவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். என்னிடமும் இல்லை. அணிகள் மேசை போட்டு ரோபோவைச் சரிபார்க்கிற இடத்துக்குப் ‘பிட்’ என்று பெயர். பிட்டில் எங்கள் பக்கத்து மேசையில் கிருஷ்ணகிரி அணி ஒன்று இருந்தது. மதியம் புளிசாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்ட பிள்ளைகள். அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டாள்.

இரண்டு ரோபோவும் ஒரே வேலையைச் செய்கிற ரோபோ. மைதானத்தில் கிடப்பதை எடுத்து இரண்டும் ஒரே கூடையில்தான் போடும். ஒன்று போடும்போது மற்றொன்று வரிசையில் நிற்கும். ஆட்டோவில் இரண்டும் ஒரே வழியாகப் போகும்படி எழுதியிருந்ததால் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு மேட்சில் கதை முடிந்தது. புளிசாதத்தில் குறை ஒன்றும் இல்லை.

தரவரிசையைப் பார்த்து எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஐந்தாறு மேட்சில் வந்த வரிசை அது. கூட ஆடியவன் கெட்டிக்காரனாக அமைந்தால் சும்மா நின்ற ரோபோவும் மேலே ஏறியிருக்கும். கூட்டணியின் மொத்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு அணியின் பங்கைப் பிரித்தெடுக்க ‘ஓ.பி.ஆர்.’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் வருகிற ஒருங்கமை சமன்பாட்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கணக்குதான். ஆனால் இவனுடைய ரோபோவும் நம்முடையதும் ஒரே மூலையில் முட்டிக்கொள்ளும் என்று அது சொல்லாது. நம்மால் எது முடியவில்லை என்பதை நாம்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அதை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “நம்ம ரோபோ எல்லாம் செய்யும் சார்.” செய்யும்தான், எங்கள் பள்ளி வராந்தாவில்.

அடுத்த வருடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். அணிக்கு ஒரு பக்கம். புள்ளியை எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அது பெரிய திரையில் வரும். என்ன செய்தது, எத்தனை முறை செய்தது, எங்கே நின்று செய்தது, எத்தனை தடவை நடுவில் செத்துப்போனது. அப்புறம் ஒரு விஷயம், செத்தபோது ஓட்டுகிற பிள்ளைகள் என்ன செய்தார்கள். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்களா, அல்லது ரோபோவைக் கூட்டாளிக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தினார்களா. டூல்ரூமில் புதிதாக ஆள் எடுக்கும்போது நான் பார்ப்பதும் அதைத்தான்.

பிட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் உண்டு. அங்கேதான் ஏமாறுவோம். தருமபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது அதியமான் ஆண்ட தகடூர். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை நமக்குத் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். எல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருந்தன. அதியமானின் ஆயுதங்களோ குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. எது சண்டை பார்த்த ஆயுதம் என்று அவன் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ரோபோ பிட்டிலும் மயில்பீலி நிறைய உண்டு. எல்.ஈ.டி. பட்டை, வழவழப்பான அக்ரிலிக், அணியின் பெயர் போட்ட ஸ்டிக்கர்.

அந்த வருடம் நாங்கள் கூப்பிட்ட அணியின் ரோபோவில் ஒரு தகடு விரிந்து, கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தது. தரவரிசையில் எங்கோ கீழே. அதற்குக் கூடையில் போடத் தெரியாது. கடைசி இருபது விநாடியில் கம்பியைப் பிடித்து ஏறித் தொங்கும், அதற்கும் புள்ளி உண்டு. ஆறு மேட்சில் ஆறு தடவையும் தொங்கியது. எங்களுக்கு ஏறத் தெரியாது. பெயரைச் சொன்னதும் அரங்கத்தில் ஒரு சலசலப்பு. அந்தப் பிள்ளைகளே பின்னால் திரும்பி, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். கோப்பை வாங்கவில்லை. ஆனால் ஒரு மேட்சில்கூட முட்டிக்கொள்ளவில்லை, முந்தின வருடத்தைவிட இரண்டு மேட்ச் கூடுதலாகத் தாங்கினோம்.

அந்தக் கிருஷ்ணகிரிப் பிள்ளைகளும் அன்றைக்கு வந்திருந்தார்கள். மறுபடி அவர்களைத்தான் கூப்பிடுவோம் என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. வேறு பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது அவர்களின் கேப்டன் பையன் எங்கள் மேசைக்கு வந்து நின்றான்.

“எங்கள ஏன் எடுக்கல அக்கா?”

எங்கள் பெண் ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திறந்து அவர்களின் பக்கத்தைக் காட்டினாள். ‘கூடை மட்டும். நம்மைப் போலவே. 2, 5 மேட்சில் பேட்டரி ஒயர் கழன்றது’ என்று எழுதியிருந்தது. அவன் இரண்டு முறை படித்தான். “அஞ்சாவது மேட்ச்ல கழன்றது ஒயரா? நாங்க புரோகிராம்னுல்ல நெனச்சிட்டு இருந்தோம்” என்றவன், அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மற்ற அணிகளின் பக்கங்களையும் காட்டச் சொல்லிக் கேட்டான். அதை அவள் தரவில்லை.